கயிறு கொண்டுபோகாமல் காங்கேயம் போனது

எங்க வீட்டுக்காரர் தை மாசம் தவறிப்போனார். மாசிக் கடைசியில, 1996ல, அவரோட மாட்டைக் கூட்டிவரக் காங்கேயம் பக்கம் போனேன். மில் வேலைக்கு வந்த பிறகும் தன் அண்ணன் காட்டில் ஒரு மாடு விட்டு வளர்த்தார். வீட்டில் எந்நேரமும் அதைப் பத்தித்தான் பேச்சு. அவர் இல்லாத வீட்டில் அதுவாவது நிக்கட்டும்னு நினைச்சேன்.

காலை ஆறரைக்குப் பீளமேட்டில் பஸ். பல்லடம் வழி, ரெண்டரை மணி நேரம், பதினாலு ரூபாய். காங்கேயத்தில் டெம்போ பேசினேன், நானூத்தம்பது. மூணு மணிக்குத் தார் ரோட்டில் வந்து நிக்கும், காத்திருக்காதுன்னார் டிரைவர். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஒன்பது கிலோமீட்டர், அப்புறம் நடை. எதிரில் வந்தவர்கிட்ட வழி கேட்டேன்.

"இட்டேரியிலயே போங்க அம்மிணி. கடவு வரும். அக்கட்டால கொறங்காடு."

நான் மில் லைன் வீட்டில் வளர்ந்தவள். இட்டேரின்னா ரெண்டு பக்கமும் வேலி உள்ள தடம், கடவுன்னா வேலியில் விட்ட வழி, அக்கட்டாலன்னா அந்தப் பக்கம், கொறங்காடுன்னா மேய்ச்சல் காடு. ஒவ்வொண்ணாக் கேட்டுத் தெரிஞ்சுக்கிறதுக்குள்ள வெயில் ஏறிப்போச்சு. அவர் தினமும் சொன்ன வார்த்தைங்கதான். நான்தான் காது குடுக்கல.

பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தா, அவர் அண்ணன் முதல்ல கேட்டதே, "கயிறு எங்க அம்மிணி?"

"கட்டியிருக்கறது இருக்குதுங்களே மாமா."

"மாடு போனாலும் தும்புக்கயிறு கட்டுத்தரையை உட்டுப் போகக் கூடாது. ஓட்டிட்டுப் போறவங்கதான் கயிறு கொண்டாரோணும்."

மாமா சம்சாரம் சிரிச்சாங்க. "மில்லுக்காரிக்குப் பஞ்சுதானே தெரியும். பாவம்."

ரெண்டு கிலோமீட்டர் நடந்தேன். கடை பூட்டியிருந்தது. ரெண்டு தோட்டத்தில் கேட்டேன். மோர் குடுத்தாங்க, சோறு திங்கச் சொன்னாங்க, கயிறு மட்டும் தரல. திரும்பி வந்தப்ப ரெண்டே முக்கால். டெம்போ ஹாரன் கேட்டுது.

எனக்கு ஆத்திரம் வந்துபோச்சு. "ஏனுங் மாமா, இந்த மாட்டை நீங்க எனக்கு வித்தீங்களா? அவர் மாடு அவர் வீட்டுக்கு வருது. கயிறும் அவர் திரிச்சதுதானுங்க?"

மாமா குனிஞ்சு, மாட்டுக் கழுத்துல இருந்த கயிறைத் தொடாம, முளைக்குச்சியில் இருந்த முடிச்சை அவிழ்த்தார். "புடிச்சுக்க. கைய உட்றாத."

மாடு வாங்கப் போறவங்க காங்கேயத்திலேயே புதுக்கயிறு வாங்கிக்குங்க. வெள்ளிக்கிழமை போகாதீங்க, அன்னிக்கு மாடு தரமாட்டாங்க. குடை கட்டாயம்.

மூணு வருசம் கழிச்சு, முடியாமல் அந்த மாட்டை வித்தேன். வாங்க வந்தவர் வெறுங்கையை வீசிட்டு வந்தார். கட்டியிருக்கறதையே குடுங்களேன்னு கேட்டார்.

அவரைக் கடைக்கு அனுப்பினேன்.