கல் நடாத கபுறு

கல்பிட்டியில் பஸ்ஸால் இறங்கித் தேத்தண்ணி குடிக்கப் போன கடையில், சுற்றுலாக்காரருக்கென்று அச்சடித்த தாளொன்று கதிரையில் கிடந்தது. வழிகாட்டி தேவையில்லை, இலக்கப் பலகைகளைப் பார்த்து நீங்களே நடந்து ஊரின் வரலாற்றை அறியலாம் என்று போட்டிருந்தது. எனக்கு வேண்டியிருந்தது இங்கே அடக்கிய என் தங்கச்சியின் கபுறு மட்டும்தான். ஆனால் தாளில் வரைபடம் இருந்ததால் எடுத்துக்கொண்டேன்.

சண்டை முடிந்த பிறகு தம்பி மன்னாரில் வீடு கட்டிவிட்டான். அடுத்த கிழமை உம்மா அவனோடு ஊருக்குத் திரும்புகிறா. சாமான்களைக் கட்டி முடித்த அன்று என்னைக் கூப்பிட்டா. "போறதுக்கு முன்ன புள்ள கிடக்கிற இடத்த ஒருக்காக் காட்டு மகன்."

இத்தனை வருடத்தில் உம்மா அதைக் கேட்டதே இல்லை. எங்கள் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. அடக்கப் போனவர்களில் வாப்பா மௌத்தாகிவிட்டார். மிச்சம் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. "ஓம் உம்மா, எனக்குத் தெரியும்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு, தேடிப் பார்க்க ஒரு நாள் முந்தித் தனியே வந்திருந்தேன்.

முதலாம் இலக்கம் ஒல்லாந்தர் கோட்டை. மதிலை வெளியே நின்று பார்த்துவிட்டு நடந்தேன். அடுத்தது அவர்களுடைய பழைய தேவாலயம். அங்கே கல்லறைக் கற்கள் இருந்தன. எங்கிருந்தோ கப்பலில் வந்து காய்ச்சலில் செத்த ஒருவனுக்கு, தடவிப் பார்த்து வாசிக்கும்படி கல்லில் வெட்டிய எழுத்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒல்லாந்தன் மேல் அல்ல, வாப்பா மேல்.

அதன் பிறகு இறங்குதுறை. இங்கே பண்டங்கள் ஏற்றி இறக்கினார்கள் என்றது தாள். சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, ஒரு கேத்தலும் உடுத்த உடுப்புமாக வள்ளத்திலிருந்து நாங்கள் களப்புத் தண்ணீருக்குள் இறங்கியதும் இங்கேதான். அது தாளில் இல்லை. இருக்கும் என்று எதிர்பார்த்த என்னைச் சொல்ல வேண்டும்.

தங்கச்சி பிறந்து நாற்பது நாள் ஆகவில்லை. கூடாரத்தில் வயிற்றோட்டம் வந்து போய்விட்டாள். ஊர்க்காரர்தான் துணி தந்தார்கள், மையவாடியில் இடம் தந்தார்கள். குழி வெட்டிய மனுசர் அடையாளத்துக்கு மீசான் நடுவதற்கு இரண்டு முருகைக்கல் கொண்டுவந்தார். தலைமாட்டுக்கு ஒன்று, கால்மாட்டுக்கு ஒன்று. வாப்பா கையைக் காட்டித் தடுத்தார். "வேணாம் காக்கா, மரக்கட்டை போதும். வாற மாசம் ஊருக்குப் போயிடுவம். கல்லு நட்டா இங்கயே கிடந்துடுவம்."

வாப்பா மட்டுமல்ல, முகாமில் எல்லாரும் அப்படித்தான். நிலைக்கிற எதையும் ஊன்றமாட்டோம். தென்னம்பிள்ளை சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டோம். அந்த வாற மாசம் வர இருபது வருடத்துக்கு மேல் ஆனது.

மையவாடி மதில் புதிதாக இருந்தது. சின்னப் பிள்ளைகளை அடக்கும் மூலை எனக்கு நினைவிருந்தது. ஆனால் அங்கே ஒன்றல்ல, வரிசையாக மேடுகள். சில மேடுகள் மண்ணோடு மண்ணாகிவிட்டன. ஒன்றிலும் அடையாளம் இல்லை. பராமரிப்பவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"இதெல்லாம் அகதி வந்த காலத்துப் புள்ளயள் தம்பி. கட்டையெல்லாம் கறையான் திண்டுட்டு. எது யாருடயண்டு ஒருத்தருக்கும் தெரியா."

உச்சி வெயில் வரை மூலையிலிருந்து எட்டு வைத்து எண்ணிப் பார்த்தேன். ஒன்பது வயதுக் காலின் எட்டு இப்போது எனக்கு எங்கே வரும்?

அடுத்த நாள் உம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். மதிலுக்கு வெளியே நின்று, "எது மகன்?" என்றா. வழியெல்லாம் ஒழுங்குபடுத்தி வைத்த உண்மை வாய்க்குள் செத்துப்போனது. கையை நீட்டி ஒரு மேட்டைக் காட்டினேன். "அந்தா, மதிலோரம் ரெண்டாவது." உம்மா இரண்டு கையையும் ஏந்தி நெடுநேரம் ஓதினா. என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ் பாலாவியைத் தாண்டியது. உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டா.

"காட்டக்குள்ள நீ எண்ட முகத்தப் பாக்கல மகன். அது எவட புள்ளயோ. நான் ரெண்டு புள்ளக்கும்தான் ஓதினன். அதுட உம்மாவும் எங்கயாச்சும் ஒரு மதிலுக்கு வெளிய நிண்டு, நம்மட புள்ளக்கு ஓதியிருப்பா."