தொட்டியில் ஏறிய சூடு

பட்டாசு கம்பெனியில் என் அக்காவின் இரண்டு கைகளும் வெந்துபோன பிறகு, பட்டினி கிடந்தாலும் இனி அந்தப் பக்கம் போவதில்லை என்று ஊராட்சியின் உரக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். விஸ்வநத்தம் பக்கம், எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை, அதன் கீழே சிமெண்ட் தொட்டிகள். காய்கறித் தோல், ஓட்டல் எச்சில் இலை, சந்தையில் அழுகிய தக்காளி எல்லாம் என் கையால்தான் தொட்டிக்குள் போகும். நாற்றம் பிடித்த வேலைதான். ஆனாலும் சாயங்காலம் முழு ஆளாக வீடு திரும்பலாம்.

முதல் தொட்டி உரத்தை ஆனைக்குட்டத்து விவசாயி ஒருவர் கேட்டிருந்தார். அவர் எடுத்துக்கொண்டால் கூடம் நிலைக்கும், இல்லையென்றால் மூடிவிடுவோம் என்று ஊராட்சியில் சொல்லிவிட்டார்கள். அதனால் அந்தத் தொட்டியைப் பிள்ளைபோல் பார்த்துக்கொண்டேன். குப்பைக்குள் இரும்புக் கம்பியைச் செருகி வைத்து, உருவித் தொட்டுப் பார்ப்பேன். கை சுட்டால் உள்ளே நன்றாக மக்குகிறது என்று அர்த்தம். சுடச்சுட எனக்குச் சந்தோஷம்.

ஒரு மார்கழிக் காலை, நல்ல பனி. கம்பெனி வேனுக்காக நின்ற பெண்கள் தொட்டியிலிருந்து வெள்ளையாக எழுந்த ஆவியைப் பார்த்துவிட்டார்கள். எங்கள் ஊரில் சூடான குவியலைக் கண்டால் யாரும் நின்று யோசிப்பதில்லை.

"பட்டாசு மருந்துக் கழிவ எவனோ கொட்டிட்டான்! வெடிக்கப் போகுது!"

நான் ஓடிவந்து சேர்வதற்குள் குடம் குடமாக ஊற்றியிருந்தார்கள். போதாதென்று தெருவுக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்த டேங்கரையும் கொண்டுவந்து திறந்துவிட்டார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டால் சண்டைக்கு வருகிறவர்கள்!

"யக்கா, அது புகையில்ல, ஆவி! சூடு ஏறுனாத்தான் உரமாகும்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஒங்க அக்கா கையப் பாத்தும் ஒனக்குப் புத்தி வரலயா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

விவசாயி வந்தபோது தொட்டி சேறாகி நாறிக் கிடந்தது. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"காய வெச்சாத் தேறிரும் ஐயா. கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க."

"சாக்கடைய அள்ளி என் காட்டுல கொட்டச் சொல்லுதியா?"

வந்த டிராக்டரிலேயே திரும்பிவிட்டார். கூடத்துக்குப் பூட்டு விழுந்தது. ஆபத்து ஒழிந்தது என்று தெருவே நிம்மதியாகத் தூங்கியது.

பொங்கல் கழிந்து நானும் கம்பெனி வேனில் ஏறினேன். எதிர்வீட்டுக்காரி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"நல்ல வேளை, அன்னைக்கு நாங்க பாத்தோம். இல்லாட்டி நீ அங்கன வெந்துல்ல கெடந்திருப்ப."

மனசாரத்தான் சொன்னாள். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்றைக்கு என்னை வெடிமருந்து செலுத்தும் அறைக்கு அனுப்பினார்கள். அக்கா பார்த்த அதே வேலை.