மேஜைமேல் ஒரு ரேஸ் சைக்கிள்

அக்கா வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் அவருக்கு ஆகாது. அவர் எந்த நேரத்தில் ரேஸ் சைக்கிள் வாங்கினாரோ, வீட்டில் நிம்மதி போச்சு. புதுச் செயினுக்குப் பழைய பல்சக்கரம் ஒத்துவரவில்லை. பல்சக்கரத்தை மாற்றினால் வீல் சேரவில்லை. வீலை மாற்றினால் பிரேக் உரசுகிறது. ஏறிப் போனது இரண்டே தடவை. எட்டு மாதமாகச் சாப்பாட்டு மேஜையில் கழற்றிப் போட்டிருக்கிறார். யார் போனாலும் தட்டு மடியில்தான்.

நேற்று காலை பிரேக் கட்டை வாங்க அக்காவின் கூடை வைத்த சைக்கிளில் போனார். வந்ததும் கத்தினார்:

"செயினெல்லாம் துரு, வீல் கோணல்! ஒரு சைக்கிளை இப்படியா வச்சிருப்பே?"

தினமும் அதில்தான் அக்கா வேலைக்குப் போகிறாள். செருப்பை மாட்டிக்கொண்டே சாவிக்குக் கை நீட்டினாள்.

"என்ன பண்றது, நான் ஓட்டுறதுக்குன்னு வச்சிருக்கேன்."