காணாம் என்றால் காணோம் அல்ல

என் மனைவி எங்கள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஹங்கேரிக்கே திரும்பிப் போய்விட்டாள் என்று, ஒரு மே மாதத் திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணியிலிருந்து மதியம் ஒன்றேகால் வரை நான் மனதார நம்பினேன். சந்தேகப்பட்டேன் என்று சொல்லிக் கொஞ்சம் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம்தான். உங்களிடம் என்ன மறைப்பது, நம்பினேன். அந்த ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்குள் மனதுக்குள்ளேயே வக்கீல் வைத்தாகிவிட்டது, தாடி வளர்த்தாகிவிட்டது, பத்து வருஷம் கழித்து ஏதோ ஒரு ரயில் நிலையத்தில் பெண் என்னை அடையாளம் தெரியாமல் கடந்துபோவதையும் பார்த்து அழுதாகிவிட்டது.

இதெல்லாம் இப்போது ஏன் என்றால், முந்தாநாள் கரமனைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஆட்டோவிலிருந்து இறங்கினேன். முன்பின் தெரியாத ஓட்டுநர். வண்டியைத் திருப்பிக்கொண்டே, "எந்நா காணாம், சாரே" என்றார். 'அப்போ பார்க்கலாம்' என்று அர்த்தம். திருவனந்தபுரத்தில் யாரும் யாரிடமும் சொல்லிவிட்டுப் போகிற சாதாரண வார்த்தை. எனக்கு மட்டும் கை தன்னால் ஃபோனை எடுத்து வீட்டு நம்பரை அழுத்தியது. ஏழு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் அழுத்துகிறது.

நான் பிறந்தது இதே கரமனை அக்ரஹாரத்தில்தான். வீட்டுக்குள் தமிழ், வாசல்படி தாண்டினால் மலையாளம். செருப்பைப் போடும்போதே நாக்கும் தன்னால் மாறிக்கொள்ளும். பிறகு கம்ப்யூட்டர் வேலை கிடைத்து புடாபெஸ்ட் போனேன். இரண்டு வருஷத்துக்கென்று போனவன் பதினாறு வருஷம் இருந்தேன். அங்கே வேலை பார்த்த இடத்தில்தான் இல்திகோவைச் சந்தித்தேன். வீட்டில் இல்டி. அவளுக்காக ஹங்கேரிய மொழி படித்தேன். அப்பாவை அவர்கள் 'அபா' என்பார்கள் என்று தெரிந்த அன்றே பாதி பாஷை வந்துவிட்டதாக ஊருக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். மிச்சப் பாதி இன்றுவரை வரவில்லை. வினைச்சொல்லுக்குப் பின்னால் நம் தமிழைப் போலவே கூட்ஸ் வண்டியாக விகுதிகள் வரும். அதில் நான் எப்போதும் கடைசிப் பெட்டியைக் கழற்றி விட்டுவிடுவேன்.

அந்தப் பாதி பாஷை குடிவந்தபோது, உள்ளே இருந்த மலையாளம் சத்தமில்லாமல் வீட்டைக் காலி செய்திருக்கிறது. அது எனக்குத் தெரியாது. பிறந்த ஊர்ப் பாஷை எங்கே போய்விடும் என்று இருந்துவிட்டேன்.

ஊருக்குத் திரும்பலாம் என்று நான் கேட்டபோது எங்கள் பெண் நோராவுக்கு ஐந்து வயது நெருங்கிக்கொண்டிருந்தது. இல்டி இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், ஒரு வருஷம் இருந்து பார்க்கிறேன், அடுத்த ஜூனில் சொல்கிறேன் என்றாள். அதோடு சரி, பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்று பயம்.

அதனால் அவள் முகத்தைப் பார்ப்பதே என் உத்தியோகம் ஆகிவிட்டது. சமையலறையில் பல்லி விழுந்தால் பல்லியைப் பார்க்கமாட்டேன், அவள் முகத்தைப் பார்ப்பேன். கரண்ட் போனால் டார்ச்சை அவள் முகத்தில் அடிப்பேன். பக்கத்து வீட்டு ராஜம் மாமி கதவைத் தட்டாமல் நேரே அடுக்களைக்குள் வந்து குழம்பைத் திறந்து பார்க்கும்போதெல்லாம், போச்சு, இதோ பெட்டியைக் கட்டப்போகிறாள் என்று எனக்கு வேர்க்கும்.

பெட்டி என்றதும் அந்த வாசனை வருகிறது. எங்களிடம் பெரிய நீலப் பெட்டி ஒன்று இருந்தது. பனிக்கால உடுப்புகள் முழுக்க அதில். முதல் மழைக்காலம் முடிந்து திறந்தால், கம்பளிக் கோட்டின் மேல் பச்சையாகப் பூசணம். ஈரக் கம்பளியும் பாச்சை உருண்டையும் சேர்ந்த வாசனை. இல்டி அந்தக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு மாதம் சரியாகத் தூங்கவில்லை.

ராஜம் மாமி இல்டியை 'இட்லி' என்றுதான் கூப்பிடுவாள். கிண்டல் இல்லை, அவள் வாயில் அப்படித்தான் வந்தது. திருத்தப் பார்த்தேன். "இல்டின்னா என்னடா அர்த்தம்? இட்லின்னா எல்லாருக்கும் மனசிலாகும் ஆக்கும்" என்றாள். இல்டிக்கு அந்தப் பெயர் பிடித்துப்போனது. தினமும் மத்தியானம் மாமி வீட்டில் போய் உட்கார்ந்து தமிழ் கற்றுக்கொண்டாள். அது பாடப்புத்தகத் தமிழ் இல்லை. வலியசாலையிலும் ஸ்ரீவராகத்திலும் கரமனையிலும் மட்டும் மிச்சமிருக்கிற வீட்டுத் தமிழ். ஆறு மாதத்தில் என்னை 'வாங்கோ' என்றாள். பொன்னிறத் தலைமுடியும் அந்த 'வாங்கோ'வும் சேர்ந்து வருவதைப் பார்த்துத் தபால்காரர் கடிதத்தைக் கொடுக்க மறந்து நின்றிருக்கிறார்.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். ஜூனுக்கு இன்னும் ஒன்பது நாள். நான் ஊருக்கு வெளியே கழக்கூட்டம் என்ற இடத்தில் அலுவலகத்தில் இருந்தேன். பதினொன்றரைக்கு ஃபோன் அடித்தது. சசியண்ணன், எங்கள் வீட்டுக்கு வாடிக்கையாக வரும் ஆட்டோக்காரர். அவர் எங்கேயோ பெரிய சாலையில் இருந்தார், பின்னால் பஸ் ஹாரன். பாதி வார்த்தைகளை ஹாரன் தின்றது. எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: "சாரே, மேடத்தினேம் மோளேம்... காணாம்."

ஃபோன் அறுந்தது.

மேடத்தையும் மகளையும் காணோம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? திருப்பிக் கூப்பிட்டால் அவர் எடுக்கவில்லை. இல்டியின் ஃபோன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மேலாளரிடம் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. ஹங்கேரிய மொழியில் சொன்னதாக அவர் பிற்பாடு சொன்னார்.

டாக்சி பிடித்து வீட்டுக்கு வந்தேன். பூட்டியிருந்தது. திறந்தேன். அலமாரியின் மேல் நீலப் பெட்டி இல்லை. மேஜை டிராயரை இழுத்தேன். மூன்று பாஸ்போர்ட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. நோராவுடையது இல்லை. இல்டியினுடையது இருக்கிறதே, அது இல்லாமல் எப்படி விமானம் ஏறுவாள் என்று ஒரு சாதாரண மனிதன் கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. எனக்கு அப்போது இரண்டும் ஒன்றும் ஒரே எண்ணாகத் தெரிந்தது.

ராஜம் மாமி வீட்டுக்கு ஓடினேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இல்டியைப் பார்த்தேளா என்று கேட்டேன்.

"காலம்பறயே பாத்தேனே. அந்த நீலப் பெட்டியும் கையுமா மேலே போனா" என்றாள் மாமி, தலை நிமிராமல். "அதுக்கப்புறம் கொழந்தையை அழைச்சுண்டு சசி வண்டியில ஏறினா. ஏண்டா, உன்கிட்ட சொல்லலையோ?"

மேலே. நான் அண்ணாந்து பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். எங்கள் ஊரில் விமான நிலையம் பக்கம். சங்குமுகம் திசையில் வயிறு தெரிய ஒரு விமானம் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக் கைகூட அசைத்திருப்பேன் போலிருக்கிறது. மாமி கீரையை வைத்துவிட்டு, இவனுக்கு என்ன வந்தது என்கிற மாதிரி பார்த்தாள்.

விமான நிலையத்தில் புறப்பாடு வாசலில் நிற்கும் காவலர் டிக்கெட் கேட்டார். டிக்கெட் இல்லை, மனைவி உள்ளே இருக்கிறாள் என்றேன். எந்த விமானம் என்றார். ஹங்கேரி போகிற விமானம் என்றேன். இந்த நிலையத்திலிருந்து ஹங்கேரிக்கு விமானமே கிடையாது என்று அவர் இந்தியில் பொறுமையாகச் சொன்னார். அப்படியானால் மஸ்கட் வழியாகப் போயிருப்பாள் என்று நான் தமிழில் அழாத குறையாக வாதாடினேன். தோஹா, துபாய், கொழும்பு என்று அவளை உலகம் முழுக்க ஏற்றி இறக்கினேன். பின்னால் வரிசை நின்றது. ஒரு பெரியவர் தன் தள்ளுவண்டியை விட்டுவிட்டு வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது சசியண்ணன் கூப்பிட்டார். மாமி அவருக்கு ஃபோன் பண்ணியிருக்கிறாள். நான் என்ன கேட்டேன், எப்படிக் கத்தினேன் என்பதை விட்டுவிடுகிறேன். அவர் சொன்னது மட்டும்:

"அய்யோ சாரே, காணாமெந்நல்லே ஞான் பறஞ்ஞது. காணானில்லெந்நு பறஞ்ஞில்லல்லோ."

காணாம் என்றல்லவா சொன்னேன், காணவில்லை என்று சொல்லவில்லையே என்கிறார். காலையில் இருவரையும் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டிருக்கிறார். மத்தியானம் வரவேண்டாம், சாலை பஜாருக்குப் போய்விட்டு வருகிறோம் என்று இல்டி சொல்லியிருக்கிறாள். மேடத்தையும் மகளையும் இனி சாயங்காலம் பார்க்கலாம் என்று எனக்குத் தகவல் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார். நடுவில் இருந்த சாயங்காலத்தை பஸ் ஹாரன் தின்றுவிட்டது. மலையாளத்தில் பார்க்கலாம் என்பது, தமிழில் தொலைந்துவிட்டது என்று என் காதில் விழுந்திருக்கிறது. இந்த மண்ணில் பிறந்து, இந்த ஊர்ப் பள்ளியில் மலையாளக் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவன் நான். ஊர்க்காரர்கள் யாருக்கும் இந்தத் தப்பு வராது. வெளியூரிலிருந்து வந்து ஓட்டலிலும் கட்டட வேலையிலும் இருக்கிறவர்களுக்குக்கூட ஒரு வாரத்தில் அந்த வார்த்தை பிடிபட்டுவிடும். திரும்பி வந்தவனுக்குத்தான் வரும்.

வீட்டுக்கு வந்து மொட்டைமாடி ஏறினேன். மாமி சொன்ன 'மேலே' அதுதான். கொடியில் கம்பளிக் கோட்டுகள், நோராவின் பனிக்கால உடுப்பு, எல்லாம் மே மாத வெயிலில் கை விரித்துத் தொங்கின. நீலப் பெட்டி வாயைப் பிளந்து காய்ந்துகொண்டிருந்தது.

இருவரும் நாலு மணிக்கு வந்தார்கள். நோராவின் தோளில் புதுப் பை, கையில் புதுக் குடை. என்னைப் பார்த்ததும் இல்டி நின்றாள்.

"என்னாச்சு? இப்படி வேர்த்துண்டு நிக்கறேள்?"

நான் பாஸ்போர்ட் என்று மட்டும் சொன்னேன்.

"அட்மிஷனுக்குப் பிறந்த தேதி காட்டணுமே, அதான் எடுத்துண்டு போனேன். ஒண்ணாங்கிளாஸ். மலையாளம் மீடியம் ஆக்கும்" என்றாள். "ஹெட்மிஸ்டரஸ் ரூம்ல ஃபோனை அணைச்சேன், மறந்துட்டேன். உங்ககிட்ட முன்னாடியே சொன்னா நீங்க பத்து ஸ்கூல் போய்ப் பாப்பேள். அதுக்குள்ள ஜூன் போயிடும்."

அதுதான் அவளுடைய ஜூன் மாதத்துப் பதில். ஒன்பது நாள் முன்பே சொல்லிவிட்டாள். முழுக் கதையும் சசியண்ணன் வாயிலாகச் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் போயிற்று. இல்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போறதானா சொல்லிண்டுதான் போவேன். சொல்லாமப் போற வழக்கம் எங்க ஊர்லயும் கிடையாது" என்றாள். அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

இல்டியின் அப்பா டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஹங்கேரியில் ஒரு சின்ன ஊரில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் மத்தியானம் சாப்பிட்டு முடித்து எங்களைக் கூப்பிடுவார். இங்கே சாயங்காலம் ஆகியிருக்கும். முதல் வருஷம் முழுக்க ஃபோனை நோராவிடமிருந்து பிடுங்க முடியாது. அணில், ஆட்டோ, மாமி வீட்டுப் பூனை என்று தாத்தாவுக்கு எல்லாம் சொல்வாள். இரண்டாம் கிளாஸில் தாத்தா கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். பிறகு 'இகென்', 'நெம்'. ஆமாம், இல்லை.

அவள் மூன்றாம் கிளாஸ் படிக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாத்தா என்னவோ கேட்டார். நோரா ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, தாத்தா எந்தா பறயணே?"

அங்கே மழை பெய்கிறதா என்று கேட்கிறார் என்றேன். என் ஓட்டை ஹங்கேரியம் ஒருவருக்குப் பயன்பட்டதே என்று அரை நொடி பெருமைகூடப் பட்டேன், மடையன். திரும்பினால் சமையலறை வாசலில் இல்டி, கையில் ஈரத் துண்டு.

"என்கிட்ட கேக்கலை, பாத்தேளா" என்றாள்.

தமிழில் சொன்னாள். அது தமிழ் என்று எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. நோராவிடம் அவள் தன் பாஷையில் பேசுவதை எப்போது விட்டாள் என்று அன்றைக்கு உட்கார்ந்து யோசித்துப் பார்த்தோம். சோறு ஊட்டும்போதா, தலை பின்னும்போதா, வீட்டுப்பாடம் எழுதவைக்கும்போதா, எதற்கும் தேதி கிடைக்கவில்லை. நான் ஒரு வருஷம் அவள் முகத்தைக் காவல் காத்தவன். அவள் ஒவ்வொரு தமிழ் வார்த்தை பேசும்போதும் கை தட்டியவன்.

மறுநாளே இல்டி படப் புத்தகங்களைத் தபாலில் வரவழைத்தாள். தினமும் அரை மணி நேரம் என்று முறை வைத்தாள். நோரா நாலு நாள் உட்கார்ந்தாள், ஐந்தாம் நாள் கூட்டுகாரிகளோடு விளையாடப் போய்விட்டாள். அதட்டியும் பார்த்தோம். அதட்டலைக்கூட இல்டி தமிழில்தான் ஆரம்பித்தாள்.

போன வருஷக் குளிர்காலத்தில் தாத்தா இறந்துபோனார். மூவரும் போனோம். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நோராவின் கன்னத்தைத் தடவி நிறையப் பேசினார்கள். அவள் சிரித்துக்கொண்டே நின்றாள். நான் பக்கத்தில் நின்று, கடைசிப் பெட்டி கழன்ற என் ஹங்கேரியத்தில், என் மனைவியின் அத்தை சொன்னதை என் மனைவியின் மகளுக்குத் தமிழில் சொன்னேன்.

இப்போது வீட்டில் அந்தப் பாஷை பேச இல்டிக்கு நான் ஒருத்தன்தான். என் தப்புகளை அவள் திருத்துவதில்லை. நோரா ஏழாம் கிளாஸ். அவளுக்கு ஹங்கேரிய மொழியில் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணத் தெரியும்.