எங்களுக்கு அப்பா, மலையில் நைனா

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இன்று வீடு தேடி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. கூட்டம் என்றாலே சமையலறைப் பக்கம் போய்விடுகிறவள் நான். "நீ பேச வேணாம், எழுதிக் குடு, நினைவு மலர்ல போட்டுக்கலாம். கடைசி வரைக்கும் அப்பாகூட இருந்தது நீதான்" என்று அண்ணன் சொன்னதால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பிறந்தது கடம்பத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். தாத்தாவுக்குச் சொந்தமாக நிலம் கிடையாது. மற்றவர் கழனியில் கூலிக்குப் போய்த்தான் பிள்ளைகளை வளர்த்தார். நாற்று நடும் காலத்தில் அப்பாவும் வயலில் இறங்கிவிட்டு, சேற்றுக் காலைக் கால்வாயில் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாராம். அந்தக் குடும்பத்தில் பள்ளி இறுதி வரை படித்த முதல் ஆள் அவர்தான். சில காலம் அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். பிறகு அரசு பஸ்ஸில் கண்டக்டர் வேலை கிடைத்தது. அம்மாவைத் திருமணம் செய்துகொண்டு ஊத்துக்கோட்டையில் குடிவந்தார். அண்ணனும் நானும் இங்கேதான் பிறந்தோம்.

அப்பா அதிக வருடங்கள் போனது மலை பஸ்ஸில். மாலையில் கிளம்பி, எல்லையோரமாகப் போய், மலை மேல் இருக்கும் ஒரு சின்ன ஊரில் அந்த பஸ் நின்றுவிடும். டிரைவரும் கண்டக்டரும் இரவு அங்கேயே தங்கி, விடிந்ததும் ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்குவார்கள். நைட் ஹால்ட் என்பார்கள். அந்த ஊரின் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. எங்கள் வீட்டிலும் 'மலை' என்றுதான் பேச்சு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அப்பா மலையில் இருப்பார்.

"சிபாரிசு இல்லாத ஆளுக்குத்தான் இந்த டூட்டிய தள்ளி வுடுவானுங்க. உங்கப்பாவுக்கு வாயும் கெடையாது" என்று அம்மா புலம்புவார். அப்பா செய்தித்தாளைத் திருப்பிக்கொள்வார்.

வீட்டில் அப்பா அப்படித்தான். வருவார், குளிப்பார், சாப்பிடுவார், தூங்குவார். எங்களை அடித்ததில்லை, திட்டியதில்லை. மார்க் குறைந்தாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். ஒரே ஒரு கட்டளைதான் இருந்தது. சட்டையோடு ஆணியில் தொங்கும் விசிலைத் தொடக்கூடாது. "கவர்மென்ட்டுது" என்பார். நாங்கள் தொட்டதே இல்லை. வேலையில் அவ்வளவு நேர்மை. மீதிச் சில்லறையை யாருக்கும் பாக்கி வைத்ததில்லை. வயதானவர்கள் தூரத்தில் வருவது தெரிந்தால் பஸ்ஸை நிறுத்தி வைப்பாராம். இதெல்லாம் மற்றவர்கள் சொல்லி நாங்கள் கேட்டது. அப்பா நல்லவர் என்று எங்களுக்குத் தெரியும். அப்பாவைத் தெரியும் என்று சொல்ல முடியாது. உலகத்தில் யாருக்குமே தெரியாது, அவர் சுபாவம் அப்படி என்று நினைத்துக்கொண்டு நான் நிம்மதியாக இருந்தேன்.

ரிடையர் ஆன பிறகும் மாதத்தில் சில நாள், "டிப்போ பக்கம் போய்ட்டு வரேன்" என்று கிளம்பிப் போய் மறுநாள்தான் வருவார். கடைசி வருடம் சிறுநீரகக் கோளாறு வந்து படுக்கையில் விழுந்தார். நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறேன். அந்த வேலைக்கு நீண்ட விடுப்பு சொல்லிவிட்டு, அடுத்த தெருவில் இருக்கும் என் வீட்டைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, அப்பாவோடு இருந்தேன். ஒரு விடியற்காலையில் அப்பாவின் மூச்சு அடங்கியது.

யார் சொல்லிவிட்டார்களோ, அன்று காலை மலையிலிருந்து இறங்கிய பஸ், ஸ்டாப்பில் நிற்காமல் நேராக எங்கள் தெரு முனைக்கு வந்து நின்றது. பஸ் நிறைய ஆட்கள். இறங்கியவர்கள் எல்லாம் "நைனா, நைனா" என்று மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். எல்லையோரத்தில் நைனா என்றால் அப்பா. அது தெரியாதவர்கள் இங்கே யாரும் இல்லை.

பெரியம்மா என் காதருகே வந்து, "யாருடி இவங்க? உங்கப்பன நைனான்றாங்க? அங்க எதுனா இன்னொரு குடும்பம் கிடும்பம் வச்சிருந்தாரா?" என்றார்.

அப்பாவோடு வேலை பார்த்த டிரைவர் மாமாவுக்கு அது கேட்டுவிட்டது. "ஒரு குடும்பமா இருந்தா சமாளிச்சிடலாம்மா. அந்த ஊரே அவரு குடும்பந்தான்" என்றார். துக்க வீட்டிலும் சிலர் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் அழுத அழுகை என் அழுகையைவிடப் பெரியதாக இருந்தது.

காரியத்திற்கு முந்தின நாள், இறந்தவருக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். அம்மா முதலில் வைத்தது எலுமிச்சை சாதம். கல்யாணமான புதிதில் அப்பா நன்றாக இருக்கிறது என்று சொன்னாராம். அன்றிலிருந்து மலை டூட்டிக்கு அதுதான். மலையிலிருந்து மங்கம்மா என்பவரும் இன்னும் சிலரும் வந்திருந்தார்கள். மங்கம்மா கையில் ஒரு தூக்கு. அதில் கருவாட்டுக் குழம்பு, கூடவே கேழ்வரகுக் களி.

இலையைப் பார்த்த மங்கம்மா, "இன்னாம்மா எலுமிச்ச சோறு வச்சிக்கிறீங்க? நைனாவுக்குப் புளிப்பே ஆவாதே" என்றார்.

அம்மா நிமிர்ந்தார். "யார் சொன்னது? நான் கட்டிக் குடுக்காத நாளே கெடையாது. டப்பா காலியாத்தான் வரும். கழுவிக்கூட வச்சிருப்பாரு."

மங்கம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "பசங்களுக்குக் குடுத்துடுவாரும்மா. அதுங்க அடிச்சிக்கினு துன்னுங்க. நைனா எங்க ஊட்ல அடுப்பாண்ட குந்திக்கினு, அவரே கொழம்பு வச்சி களி துன்னுவாரு" என்றார்.

அப்பா சமைப்பார் என்பதே எங்களுக்குப் புதிது. எங்கள் வீட்டில் தண்ணீர்கூட அம்மா மொண்டு கொடுத்தால்தான் குடிப்பார். அண்ணன் என்னைப் பார்த்தார். அம்மா அந்தச் சாதத்தை இலையில் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். "என்னாண்ட ஒரு வார்த்த வேணாம்னு சொல்லலியே அந்த மனுசன். இப்ப மட்டும் சொல்லவா போறாரு? வச்சத துன்னுட்டுப் போவட்டும்" என்றார். குழம்பையும் பக்கத்தில் வைக்க இடம் விட்டார். அம்மாவுக்கு இருக்கிற மனசு எனக்கு இல்லை. அந்தத் தூக்கைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

சாப்பாட்டின்போது டிரைவர் மாமா இன்னொன்றைச் சொன்னார். மலை டூட்டியை யாரும் அப்பா தலையில் கட்டவில்லையாம். "சீனியாரிட்டில டவுன் பஸ் வந்துச்சிம்மா. உங்கப்பாதான் வேணாம்னுட்டாரு. கேட்டுக் கேட்டு மலைக்கே வாங்கிக்குவாரு." ரிடையர் ஆன பிறகு டிப்போவுக்கு என்று கிளம்பியதும் மலைக்குத்தானாம். அவர் அப்பாவைப் பெருமையாகத்தான் சொன்னார். நாங்கள் வீட்டில் காத்திருந்த நாட்களில் அப்பா எங்கே போக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார் என்று நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

வருடம் முடிகிற நேரத்தில் மலையிலிருந்து செய்தி வந்தது. வருடப் படையலை மலையில் வைக்க வேண்டுமாம், நாங்கள் எல்லோரும் மேலே வர வேண்டுமாம். அண்ணன், "வச்சா இன்னா? ஆசப்படறாங்க" என்றார். முடியாது என்று நான் சொன்னேன். என் வாழ்க்கையில் அண்ணன் பேச்சுக்கு முடியாது என்று சொன்னது அதுதான் முதல் முறை. "அப்ப நீயே போய் சொல்லிட்டு வா" என்றார் அண்ணன்.

அதனால் நான் மலை பஸ் ஏறினேன், இப்போது பகலிலும் ஓடுகிறது. அத்தனை வருடத்தில் அதில் நான் ஏறியது இல்லை. மலை என்றால் பெரிய மலை இல்லை. ஆனாலும் வளைவுக்கு வளைவு ஏறிப் போய், காற்று மாறுகிற இடத்தில் கொஞ்சம் ஓட்டு வீடுகளும், ஒரு பள்ளிக்கூடமும், பஸ் திரும்புகிற ஒரு புளியமரத்தடியும் இருந்தன. கண்டக்டர் நைனாவின் மகள் என்று தெரிந்ததும் வேலை எல்லாம் போட்டது போட்டபடி வந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை, அவர்களாகச் சொன்னார்கள்.

கையில் குழந்தையோடு நின்ற ஒருவர், "சின்ன வயசுல நைனா விசில வாங்கி ஊதாத பசங்களே இந்த ஊர்ல இல்லக்கா. பஸ் எடுக்கறதுக்கே நாங்க ஊதணும். ஒரு நாளைக்கு ஒருத்தர்னு முறை வச்சிருப்பாரு" என்றார்.

கவர்மென்ட் விசில்.

மங்கம்மா சிரித்துக்கொண்டே, "தாயம் ஆட்றதப் பாக்கணுமே. தோத்துட்டார்னா மூஞ்ச தூக்கி வச்சிக்கினு பஸ்ஸுல போய் குந்திக்குவாரு. நாலு பேர் போய் நைனா வா, நைனா வான்னு கெஞ்சி இட்டாந்தாத்தான் சோறு" என்றார். ஒரு பெரியவர் எழுந்து, அப்பா கோபித்துக்கொண்டு நடந்துபோவதை நடித்தே காட்டினார். தோள் ஒரு பக்கம் சாய்ந்த அதே நடை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

விசிலைவிட இதுதான் என்னை அதிகம் வருத்தியது. அப்பா எங்களிடம் ஒரு நாளும் கோபித்துக்கொண்டு போனதில்லை. யாராவது பின்னால் வந்து கூப்பிடுவார்கள் என்று நிச்சயமாகத் தெரிகிற இடத்தில்தான் மனிதர் அப்படிக் கோபித்துக்கொள்வார். நாங்களும் போய்க் கூப்பிட்டிருப்போம். அந்த வாய்ப்பை அப்பா எங்களுக்குக் கொடுக்கவில்லை.

"எங்களைப் பத்தி எதுனா பேசுவாரா?" என்று கேட்டேன். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

மங்கம்மா யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர். "ஊட்டுப் பேச்சே எடுக்கமாட்டாரும்மா. நாங்க கேட்டாலும் பேச்ச மாத்திடுவாரு."

முடியாது என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் இறங்கிவிட வேண்டும் என்று நான் எழுந்தேன். மங்கம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "நீ சொல்லும்மா. நைனா ஊட்ல எப்டி இருப்பாரு?" என்றார்.

"ஊட்லயா? சும்மா இருப்பாரு" என்றேன்.

"சும்மான்னா? எப்டி படுப்பாரு? ஒடம்பு முடியாதப்ப யார் பாத்துக்கினது? இங்க அவரு ஒரு நாள் தலவலின்னு படுத்ததில்ல. வரலன்னதும் எங்க மேல கோச்சிக்கினாருன்னு நெனச்சிட்டோம். படுத்துட்டாருன்னு ஒரு வார்த்த எங்களுக்குச் சொல்லிவுடல. கடைசியா மூஞ்சப் பாத்தது செத்த பொறவுதான்." சொல்லும்போது அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது. சுற்றி இருந்தவர்களும் சிரிப்பை விட்டுவிட்டு என் வாயையே பார்த்தார்கள். படையல் வைத்த அன்று நான் அவர்களை எப்படிப் பார்த்தேனோ, அப்படியே பார்த்தார்கள்.

நாலு பேர் முன்னால் பேச வராத நான் அன்று பேசினேன். மின்விசிறிச் சத்தம் இல்லாவிட்டால் அப்பாவுக்குத் தூக்கம் வராது என்றேன். ஊசி என்றால் கண்ணை மூடிக்கொண்டு அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்வார் என்றேன். கடைசி மாதங்களில் நான்தான் அவருக்கு முகம் வழித்துவிட்டேன், மோவாய்க்குக் கீழே கத்தி போகும்போது மூச்சை அடக்கிக்கொள்வார் என்றேன். அம்மா கண்ணில் படாவிட்டால் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார், வந்தால் ஒன்றுமில்லை என்பார் என்றேன். சொல்லச் சொல்ல, என்னிடமும் இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கே தோன்றியது. மங்கம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "குடுத்து வச்சவம்மா நீ" என்றார்.

அப்போதுதான் சொன்னேன். "வருசப் படையல் எங்க ஊட்லதான்கா. நீங்க எல்லாரும் கீழ வரணும்."

"சரிம்மா. பொண்ணு நீ. உன் பேச்சுக்கு மேல இன்னா இருக்குது? கொழம்ப மட்டும் நாங்க வச்சி எடுத்தாந்துடறோம்" என்றார். நானும் சரி என்றேன். ஆகவே இன்று நீங்கள் சாப்பிடும் கருவாட்டுக் குழம்பு அவர்கள் வைத்தது. நன்றாகத்தான் இருக்கும்.

அப்பாவின் கடைசி நாட்களில் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் ஆட்டோ ஓட்டிய தம்பிக்கும், இரவில் கதவைத் தட்டினால் முகம் சுளிக்காமல் வந்த பக்கத்து வீட்டாருக்கும், எல்லாக் காரியத்திலும் முன்னால் நின்ற டிரைவர் மாமாவுக்கும், வேப்பம்பட்டிலிருந்து தினமும் வந்துபோன அண்ணன் அண்ணிக்கும், என் வேலையைப் பங்குபோட்டுப் பார்த்துக்கொண்ட கம்பெனித் தோழிகளுக்கும் எங்கள் நன்றி. அப்பாவைச் சிரிக்க வைத்த மலை ஊர்க்காரர்களுக்கும் நன்றி. அதை எழுதியே ஆகவேண்டும் என்றார் அண்ணன். எழுதிவிட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அன்று பஸ் ஏறும்போது மங்கம்மா, "கடைசியா நைனா இன்னா பேசுனாரு?" என்று கேட்டார். "ஒண்ணும் பேசலக்கா" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். இந்த மலரை அவர் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்பார் என்று தெரியும். கேட்டுக்கொள்ளட்டும். அப்பா பேசினார். என்ன பேசினார் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை. என்னிடம்தான் பேசினார்.