பத்துக்கு எத்தனை?

டீயை ஒரு வாய் உறிஞ்சி, நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்து, "நாலு" என்றார் சென்னப்பன். பத்துக்கு நாலு. மண்டி மொஹல்லா கடைவீதியில் பூண்டுக் கடை வைத்திருக்கும் இந்தக் கௌதள்ளி ஊர்க்காரர் கண்டது கேட்டது எல்லாவற்றுக்கும் மார்க் போடுவார். ஆட்டோக்காரன் ஓட்டிய லட்சணத்துக்கு மூன்று. சம்பந்தி வீட்டுச் சாம்பாருக்கு இரண்டு. தசரா விளக்குகளுக்கு, போனால் போகிறதென்று ஐந்து. "இவருகிட்டப் பாஸாகோணும்னா மறுபடி பொறந்துதான் வரோணும்" என்பாள் மனைவி பழனாத்தாள்.

இப்படி ஊரையே எடை போடுகிறவரின் இமைகள் பாதி இறக்கிய ஷட்டர் மாதிரி தொங்கிவிட்டன. கல்லாவில் தூங்குகிறார் என்று நினைத்து, வந்தவர்கள் பெரிய பூண்டாகப் பார்த்துப் பொறுக்கினார்கள். வேறு வழியில்லாமல் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். ஊசி என்றால் மட்டும் குலை நடுங்கும்.

கண் டாக்டர் பராசரன் அப்போது ஓர் ஆராய்ச்சியில் முழுகியிருந்தார். இமையை மரக்கச் செய்ய இரண்டு மருந்துகள்: வலது இமைக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. போடும்போது எது குறைவாக வலிக்கிறது? சைபர் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்க முடியாத வலி. நர்ஸ் ஸ்மிதா இதை ஒரே மூச்சில் ஒப்பித்தாள். சென்னப்பனின் கண் ஊசித் தட்டில் இருந்தது. காது எங்கேயும் இல்லை.

வலது இமையில் ஊசி இறங்கியது. மிளகாய்த்தூளை அப்பியதுபோல் எரிந்தது.

"அய்யா, பத்துக்கு எத்தனை?"

இவ்வளவு பழக்கமான கேள்வியை அவர் அங்கே எதிர்பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணு" என்றார்.

"அப்பா, எஷ்டு தைரியம்!" என்று டாக்டர் கன்னடத்தில் பூரித்தார்.

இடது இமையில் எறும்பு கடித்ததுபோல்தான் இருந்தது. "எட்டு! தாராளமா எட்டு."

"பாவம், பாவம்" என்று டாக்டர் அவர் தோளைத் தடவிக்கொடுத்தார். இமைகளைக் கிள்ளிப் பார்த்தார். "மூக்கோரம் இன்னும் மரக்கலை. ரெண்டு பக்கமும் இன்னொரு ஊசி போடணும். பயப்படாதீங்க சென்னப்பனவரே, வலிக்காத மருந்தையே போடறேன். ஒண்ணுன்னு சொன்னீங்களே, அது."

எதற்கு மார்க் கேட்டார்கள் என்பது சென்னப்பனுக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். ஆனால் கேள்வியே புரியாமல் பதில் சொன்ன ஆள் என்று இந்தச் சின்னப் பெண் சிரிப்பாளே!

"வேற மருந்து வேணும்னா சொல்லுங்க அய்யா" என்றாள் ஸ்மிதா.

"வேண்டாம் கண்ணு. அதுதான் சொகமா இருந்துச்சு."

பச்சைத் துணிக்கு அடியில் அவருடைய இரண்டு கைகளும் கட்டில் கம்பியைத் தேடிப் பிடித்துக்கொண்டன.