விழக்கூடாத சுவர்

எங்கள் ஊரில் அப்போது யாரும் புது வீடு கட்டவில்லை. எல்லோரும் பழைய வீட்டை ரிப்பேர்தான் பார்த்தார்கள். கூரை வீடு இருந்த இடத்தில் மச்சு வீடு நிமிர்ந்து நிற்கும். நிலை, கதவு, தரை, படிக்கட்டு எல்லாம் புதுசு. ஆனால் தெருவைப் பார்த்தபடி ஒரு பழைய மண்சுவர், பல் போன கிழவன் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பதுபோல, வெள்ளையடித்துக்கொண்டு நிற்கும். கேட்டால், "பழைய வீடுதான், கொஞ்சம் ரிப்பேர் பாத்தோம்" என்பார்கள்.

காரணம் முனிசிபாலிட்டிச் சட்டம். புதுக் கட்டடம் என்றால் தெருவோரத்திலிருந்து ஐந்தடி உள்ளே தள்ளிக் கட்ட வேண்டும். ரிப்பேர் என்றால் இருந்த இடத்திலேயே கட்டிக்கொள்ளலாம். எது புதுசு, எது ரிப்பேர் என்பதற்கு ஒரே அடையாளம் முன்சுவர். முன்சுவர் பழைய அஸ்திவாரத்தில் நின்றால் ரிப்பேர். விழுந்தால் புதுசு. தெருவை அகலமாக்க வேண்டும் என்று யாரோ நல்ல எண்ணத்தில் எழுதிய சட்டம்தான். தெரு ஒரு விரல்கூட அகலமாகவில்லை. ஊர்க்காரர்கள் சுவரைத் தாங்கிப் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நாடு விடுதலையாகி இரண்டு மூன்று வருஷம் இருக்கும். நான் சுசீந்திரத்திலிருந்து அந்தத் தெருவுக்கு மருமகளாக வந்து அதிக நாள் ஆகவில்லை. என் புருஷன் வீட்டு முன்னறையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவருக்கு வலது கால் சூம்பிப்போயிருந்தது. வயலில் இறங்க முடியாது, சுமை தூக்க முடியாது. ஊருக்கெல்லாம் சைக்கிள் கொடுத்தவருக்குச் சைக்கிள் ஓட்டவும் முடியாது. பேச்சும் குறைவு. "இருக்கட்டும்" என்பதும் "பாப்போம்" என்பதும்தான் அவர் ஒரு நாளைக்குச் செலவழிக்கும் வார்த்தைகள். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று என் அத்தை, அதாவது அவருடைய அம்மா, அவர் காதுபடவே சொல்லுவாள். ஊமை ஒன்றையும் கெடுக்காது, ஒன்றையும் ஆக்கவும் செய்யாது என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

அந்த வருஷம் ஆடிச் சாரலில் அடுக்களைக் கூரையும் அரங்கு என்கிற உள்ளறையின் கூரையும் ஒன்றாக உட்கார்ந்தன. பார்க்க வந்த கட்டட மேசிரி, "மொத்தத்தையும் எறக்கீட்டுத்தான் கெட்டணும்" என்றார். அத்தை கேட்ட முதல் கேள்வி முன்சுவரைப் பற்றித்தான். முன்னறை ஏழடி ஆழம். ஐந்தடி போனால் மிச்சம் இரண்டடி. இரண்டடி அறையில் சைக்கிளைக் குறுக்காகவும் வைக்க முடியாது, நெடுக்காகவும் வைக்க முடியாது. வேறு இடத்தில் கடை எடுக்க வழியில்லை. அந்த அறை போனால் என் புருஷனுக்குப் பிழைப்புப் போயிற்று. அதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து எல்லோரும் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெர்மிட்டுக்கு எழுதிக் கொடுத்ததும் முனிசிபாலிட்டி ஓவர்சியர் வந்தார். இவருக்கு முன்னால் இருந்தவர் ஒரு மட்டி வாழைக்குலையைக் கண்டால் ஐந்தடியை அரையடியாக அளக்கிற மனிதர். அவரே இருந்திருந்தால் எங்கள் கதை அந்தக் குலையோடு முடிந்திருக்கும். எங்களுக்கு வாய்த்தவர் நேர்மையானவர். பாறசாலைக்கு அந்தப் பக்கத்து மலையாளத்துக்காரர். ஒல்லியான உடம்பு, வெளுத்த சட்டை, எந்நேரமும் கக்கத்தில் குடை. ஆபீஸில் அவருக்கு வண்டி கிடையாது. அதனால் எங்களிடமே வாடகைக்குச் சைக்கிள் எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றுவார். வாடகையைச் சரியாகக் கொடுத்துவிடுவார். அத்தை மோர் கொண்டுபோய் நீட்டினால், "உத்தியோகத்திலே இருக்கும்போ ஒண்ணும் குடிக்கப்பிடாது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். இப்படி ஒரு யோக்கியனை எங்கள் தெருவுக்கு அனுப்பிய பாவி யார் என்று அத்தை திட்டாத நாளில்லை.

அவருக்கு ஒரு பழக்கம். என் புருஷன் டயருக்குக் காற்றடிக்கும் நேரம் முழுவதும் சட்டம் சொல்லிக்கொண்டே நிற்பார். யாராவது கேட்கிறார்களா என்பது அவருக்கு முக்கியமில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் எதையும் கையால் தொடமாட்டார். டேப்பின் நுனியைக்கூட வீட்டுக்காரரைத்தான் பிடிக்கச் சொல்லுவார். ஏன் என்பதையும் அவரே சொன்னார். "ஆபீஸ் ஆளு கை பட்டு ஒரு ஓடு உடைஞ்சாலும் ஆபீஸ் தன்னே செய்து குடுக்கணும். பழையது எப்படி இருந்துதோ அப்படி. அதாக்கும் சட்டம். அதாக்கும் நான் ஒண்ணையும் தொடாதது."

என் புருஷன் குனிந்து காற்றடித்துக்கொண்டிருந்தார். "இருக்கட்டும் சார்" என்றார்.

வீட்டை இறக்கினார்கள். முன்சுவர் மட்டும் தனியாக நின்றது. முன்னும் பின்னும் பனங்கம்பு முட்டுக் கொடுத்தோம். எதிர்வீட்டு எண்ணெய்க்கடைக்காரர் தன் வீட்டை ஒட்டி இறக்கியிருந்த சாய்ப்பில் எங்களைத் தங்கவைத்தார். சைக்கிள்களும் அங்கேதான். அவரும் பழைய சுவர் ஒன்றைக் காப்பாற்றி மச்சு வீடு எழுப்பியவர். அதனால் வந்தவர் போனவருக்கெல்லாம் சுவர் வளர்ப்பைப் பற்றி உபதேசம் செய்வார். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். எங்கள் தெருவில் சித்திரம் எழுதும் ஆசை யாருக்கும் இல்லை. சுவர் இருந்தால் போதும்.

ஐப்பசி பிறந்தது. மழை வந்தது. மேல்கூரை இல்லாத மண்சுவர் மழையில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அத்தை ஓலை முடையச் சொல்லி, சுவரின் தலையில் நீளத்துக்கும் குல்லாய் போட்டாள். காற்றில் ஓலை பறந்தால் நான் ஏணி ஏறிக் கட்ட வேண்டும். எண்ணெய்க்கடைச் சாய்ப்பு என் தலைக்கு நேரே ஒழுகியது. அதைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. விடிந்ததும் அத்தையின் முதல் குரல், "ஏட்டி, செவரு நனையுது, போயிப் பாரு" என்பதுதான். என் கல்யாணத்தில்கூட யாரும் என்னை அப்படித் தாங்கியதில்லை. தெருவில் போகிறவர்கள், "செவருக்கு எத்தனாவது மாசம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு நாள் ஏணியிலிருந்தபடியே புருஷனிடம் கத்தினேன்.

"நீங்க ஒண்ணும் செய்யமாட்டியளா? இந்த மண்குதிரைய நம்பி எத்தன நாளைக்கி இருக்கது?"

அவர் சுவரை மேலும் கீழும் பார்த்தார். "பாப்போம்" என்றார்.

அந்த வாரம் ஓவர்சியர் வந்து குடையை மடக்காமலே சுவரைச் சுற்றி நடந்தார். முட்டுக்கம்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். "இது நிக்கல்ல. கம்பாக்கும் நிக்கது. சுவரு கம்பிலே சாஞ்சு கிடக்கு. வியாழக்கிழமை வருவேன். கம்பை எடுத்துப்போட்டு நோக்கணும். நின்னா ரிப்பேர். விழுந்தா புதுசு."

அத்தை அன்றே சுசீந்திரத்து அனுமாருக்கு வெண்ணெய்க்காப்பு நேர்ந்துகொண்டாள். மலையைத் தூக்கிய சாமிக்கு ஒரு சுவர் எம்மாத்திரம் என்பது அவள் கணக்கு. மேசிரி என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார், "அடிப்பக்கம் கொழகொழன்னு இருக்கு மக்கா. இன்னைக்கி நின்னாலும் கூரை ஏறதுவரைக்கும் நிக்காது." நான் அதைப் புருஷனிடம் சொன்னேன். அவர் போய்ச் சுவரின் அடியை ஊன்றுகோலால் ஒரு தடவை தட்டிப் பார்த்தார். நான் அழுகையை அடக்கிக்கொண்டு போய்ப் படுத்தேன்.

வியாழக்கிழமை காலையில் ஓவர்சியர் வழக்கம்போலச் சைக்கிள் எடுக்க வந்தார். என் புருஷன் ஒரு சைக்கிளைத் துடைத்துக் கொடுத்து, "ஸ்டாண்டு ஒடிஞ்சு கிடக்கு சார். எங்கணயாவது சாத்தி வச்சுக்கிடுங்க" என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அதை அப்போது நான் யோசிக்கவும் இல்லை.

மத்தியானம் மழை விட்டு வெறித்திருந்தது. தெருவே கூடிவிட்டது. ஓவர்சியர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே, கம்பை எடுக்கச் சொன்னார். மேசிரி ஒவ்வொன்றாக உருவினார். கடைசிக் கம்பும் வந்துவிட்டது. சுவர் நின்றது. ஓவர்சியருக்கே முகத்தில் ஒரு சந்தோஷம். இனித் தூக்குக்குண்டு போட்டுச் சாய்மானம் பார்த்து எழுத வேண்டும். அதற்கு இரண்டு கையும் வேண்டும். சைக்கிளைக் கொடுக்க ஆள் தேடினார். மேசிரியின் கையில் முட்டுக்கம்பு. எண்ணெய்க்கடைக்காரர் கையில் குடை. என் இடுப்பில் தண்ணீர்க்குடம். என் புருஷன் ஒரு கையில் ஊன்றுகோலும் ஒரு கையில் காற்றடிக்கும் பம்பும் வைத்துக்கொண்டு நின்றார். ஓவர்சியரின் கையோ காலையிலிருந்து பத்து இடத்தில் சைக்கிளைச் சாத்தி வைத்துப் பழகிய கை. பக்கத்தில் இருந்ததில் சாத்திவிட்டது.

பக்கத்தில் இருந்தது எங்கள் சுவர்.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. களைத்துப்போன மாடு படுப்பதுபோல அது மெதுவாக உள்பக்கம் உட்கார்ந்தது. சைக்கிள் அதன் மேலேயே படுத்துக்கொண்டது. ஓவர்சியரின் வெளுத்த சட்டை முழுக்கச் செம்மண். அத்தை தலையில் கைவைத்துத் தெருவிலேயே உட்கார்ந்து, "விழுந்துட்டு மக்கா. கடை போச்சு" என்றாள். அவள் குரலில் திட்டுகிற பலம்கூட இல்லை. எனக்கு அவள்மேல் முதல்முறையாக இரக்கம் வந்தது.

ஓவர்சியர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "அம்மா, அது விழுந்ததல்ல. நின்ன சுவராக்கும். நான் இடிச்சது" என்றார். பிறகு அங்கேயே எண்ணெய்க்கடைப் பலகையில் உட்கார்ந்து, நின்றுகொண்டிருந்த சுவரைப் பரிசோதனை செய்யும்போது ஓவர்சியராகிய தானே இடித்துவிட்டதாகத் தன்மேலேயே ரிப்போர்ட் எழுதினார். எழுதும்போது அந்த முகத்தில் வருத்தம் தெரியவில்லை. வருஷக்கணக்காக வாயால் சொல்லி வந்த சட்டம் ஒன்றைக் கடைசியில் யார் மேலாவது பிரயோகிக்க முடிந்த திருப்திதான் தெரிந்தது.

ஆபீஸில் அவருக்கு வசவு கிடைத்ததாகக் கேள்வி. ஆனாலும் சட்டத்தைக் காட்டி மேலதிகாரிகளை மடக்கிவிட்டார். தை மாதம் முனிசிபாலிட்டி ஆட்கள் கூடையும் மண்வெட்டியுமாக வந்து, பழைய இடத்தில், பழைய அஸ்திவாரத்தில், எங்களுக்கு ஒரு பழைய சுவர் கட்டிக் கொடுத்தார்கள். பழையது எப்படியோ அப்படி என்றால் மண்சுவர்தான். பழைய சுவர் நாலு விரல் உள்ளே சாய்ந்திருந்தது என்று அவர் பெர்மிட்டுக்கு முதலில் அளந்தபோதே எழுதி வைத்திருந்ததால், புதுச் சுவரும் நாலு விரல் சாய வேண்டும் என்று நின்று கட்டவைத்தார். நேராகக் கட்டியே பழகிய அந்தக் கொத்தனார் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஊரில் பழைய சுவர் வைத்த புது வீடுகள் எத்தனையோ இருந்தன. புதுசாகக் கட்டிய பழைய சுவர் எங்களிடம் மட்டும்தான் இருந்தது.

வீடு முடிந்து கடை திறக்கிறதுக்கு முன்தினம் சாமான் பெட்டியைத் துடைத்தேன். அடியில் துணியில் சுற்றி ஒரு சைக்கிள் ஸ்டாண்டு இருந்தது. ஒடிசல் இல்லை, நெளிசல் இல்லை, எண்ணெய் போட்டு வைத்திருந்தது.

"ஒடிஞ்சு கிடக்குன்னு சொன்னியளே?" என்று கேட்டேன்.

அவர் அதை என் கையிலிருந்து வாங்கி, அந்தச் சைக்கிளில் மாட்டத் தொடங்கினார். "அது தானா விழுந்தா புதுசு. அவரு பட்டு விழுந்தா பழசு" என்றார். "எப்பிடியும் விழுகது உறுதிதானே."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டேன். இந்த மனிதரைப் போய் ஒன்றுக்கும் ஆகாதவர் என்று நினைத்தோமே என்று வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அத்தையிடம் நாங்கள் சொல்லவில்லை. அவள் அனுமாருக்கு வெண்ணெய் சாத்திவிட்டு வந்தாள்.

ஓவர்சியர் அதற்குப் பிறகும் வருஷக்கணக்காக எங்களிடம் சைக்கிள் எடுத்தார். சுவரைப் பற்றி ஒரு பேச்சும் கிடையாது. ஐம்பத்தாறில் எங்கள் பகுதி மலையாளப் பக்கத்தை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, அவர் தன் ஊர்ப் பக்கமே வேலைக்குப் போவதாக முடிவாயிற்று. கடைசி நாள் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அந்தப் பழைய சைக்கிள்தான். ஸ்டாண்டு பளபளவென்று இருந்தது. அவர் அதைக் காலால் தொடவே இல்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து முன்சுவரில் சாத்தினார். ஒரு அடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

"ஸ்டாண்டு ஒடிஞ்சு கிடக்கில்லா" என்றார், என் புருஷன் முகத்தைப் பார்த்து.

என் புருஷன் தலை நிமிரவில்லை. சைக்கிளைத் துடைக்கத் துணியை எடுத்தபடி, "மோர் குடிக்கியளா சார்?" என்று கேட்டார்.

ஓவர்சியர் குடையைக் கக்கத்திலிருந்து எடுத்துச் சுவரோரம் வைத்தார். "தா. இன்னைக்கி நான் இந்த ஊரு ஓவர்சியரல்லல்லோ" என்றார். நான் உள்ளே போய் எடுத்து வந்தேன். நின்றபடியே குடித்துவிட்டு, இன்னொரு தம்ளர் கேட்டார்.